தெரமின் இசையும் தொழின்முறைசாராக் கலைஞரும்: சில சிந்தனைகள்

ஓர் இசைக்கருவியின் வரலாற்றை அதனைக் கண்டுபிடித்தவரின் பெயரோடு தொடங்கி அவரது மேதைமையைப் புகழ்ந்து முடித்துவிடுவது பொதுவழக்கு. ஆயின், இசைக்கருவி என்பது மரமும் நரம்பும் தோலும் மின்சுற்றும் மாத்திரமன்று. கற்பிப்போர், கற்போர், கருவிக்குப் பொருந்திய உருப்படிகள், வாசிப்பின் நிறைகுறைகளைப் பகுத்தறியும் கேட்போர் ஆகிய யாவும் ஒன்றுசேரும்போதே ஒரு பொருள் இசைக்கருவி என்னும் தகுதியைப் பெறுகின்றது. இவை அமையாதவிடத்து எத்துணை அரிய கண்டுபிடிப்பும் நூதனசாலைப் பொருளாகவே எஞ்சும்.

இருபதாம் நூற்றாண்டில் தோன்றிய இலத்திரனியல் இசைக்கருவிகளுள் இவ்வுண்மையை மிகத் தெளிவாக உணர்த்துவது தெரமின். வாசிப்பவரின் கை படாமலே ஒலிக்கும் இக்கருவியைத் தம் வீட்டு அறையில் வாசித்து, அதனைப் படம்பிடித்துச் சமூக வலைத்தளங்களிற் பகிர்ந்துகொள்ளும் தொழின்முறைசாராக் கலைஞர் பலர் இன்று உளர். சீவனத்துக்கு வேறு தொழில் செய்துகொண்டு, ஓய்வு நேரத்தை இசைக்கு அளிப்பவர்கள் இவர்கள். இவர்களது வாசிப்புக்குப் பெரும்பாலும் இருவகையான வரவேற்பே கிடைக்கின்றது. கையைக் காற்றில் அசைத்தால் பாட்டுப் பிறக்கின்றதே என்னும் வியப்பு ஒன்று. பேய்ப்படத்துச் சத்தம் என்னும் ஏளனம் மற்றொன்று. ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இவ்விரண்டுக்கும் பொதுவான பண்பு ஒன்றுண்டு. வாசிக்கப்பட்ட இசை நன்றாயிருந்ததா என்ற வினாவை இரண்டுமே எழுப்புவதில்லை. அவ்வினாவை எழுப்பும் விமர்சனம் எவற்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

கருவியின் இயல்பை அறியாது வாசிப்பை மதிப்பிடல் இயலாது. ருசிய பௌதிகவியலாளரும் செலோ வாசிக்கக் கற்றவருமான லெவ் தேர்மென் (1896–1993), பெற்றோகிராட் நகரின் பௌதிக-தொழினுட்ப நிறுவனத்திற் பணியாற்றிய காலத்தில், 1920 ஆம் ஆண்டில் இக்கருவியை அமைத்தார். 1922 இல் கிரெம்ளினில் லெனின் முன்னிலையில் அதனை இயக்கிக் காட்டினார். 1927 இன் இறுதியில் அமெரிக்கா சென்று, 1928 இல் அங்கு காப்புரிமை பெற்றார். மேனாட்டில் லியோன் தெரமின் என அவர் வழங்கப்பட்டமையால் கருவிக்கும் அப்பெயரே நிலைத்தது.

கருவியின் தத்துவம் எளிது. செவிக்கு எட்டாத உயர் மீடிறனுடைய இரு மின்னலைவுகள் அதனுள் உண்டாக்கப்படுகின்றன. ஒன்றின் மீடிறன் மாறாதது. மற்றையது நிலைக்குத்தாக நிற்கும் ஓர் அன்ரனாவோடு தொடர்புடையது. வாசிப்பவரின் வலக்கை அவ்வன்ரனாவை அணுகும்போதும் விலகும்போதும் இரண்டிற்கும் இடையிலான கொள்ளளவம் மிகச் சிறிதளவு மாறுகின்றது. அதனோடு இரண்டாம் அலைவின் மீடிறனும் மாறுகின்றது. இரு மீடிறன்களுக்கும் இடையிலான வேறுபாடே ஒலிபெருக்கியிற் சுருதியாகக் கேட்கின்றது. வளைய வடிவிலான மற்றோர் அன்ரனாவின் மேல் இடக்கை உயர்ந்தும் தாழ்ந்தும் ஒலியின் உரப்பை ஆளுகின்றது.

தத்துவம் எளிதாயினும் பயிற்சி கடினமானது. பியானோவில் கட்டையும் வயலினில் நரம்பும் விரற்பலகையும் வாசிப்பவரின் கைக்கு வழிகாட்டுகின்றன. தெரமினில் தொடுவதற்கும் ஒன்றில்லை. பார்த்துக் குறித்துக்கொள்வதற்கும் ஒன்றில்லை. ஒரு ஸ்தாயியின் சுரங்கள் வெளியிலே சமதூரத்தில் அமைவதுமில்லை. கை அன்ரனாவை நெருங்குந்தோறும் சுரங்களுக்கிடையிலான தூரம் குறுகிக்கொண்டே செல்லும். வாசிப்பவரின் உடல் முழுவதுமே மின்சுற்றின் ஓர் உறுப்பாகிவிடுவதால், தலையின் அசைவும் ஆழ்ந்த ஒரு மூச்சுமே சுருதியைப் பிசகச் செய்யலாம். எனவே, வரப்போகும் சுரத்தை மனத்தில் முன்கூட்டியே கேட்காத ஒருவர் அதனைக் கையால் எட்டுதல் அரிது. பிசகைச் செவி உணர்ந்து கை திருத்துவதற்குள் கேட்போரும் அதனைக் கேட்டுவிடுவர். கைவித்தைபோலத் தோற்றும் இக்கருவி உண்மையில் செவியின் ஒழுக்கத்தையே முதற்கண் வேண்டி நிற்பது.

இவ்வடிப்படை உண்மையை மறைத்தே தெரமின் முதன்முதலாகச் சந்தைக்கு வந்தது. 1929 இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கொம்பனி ஏறத்தாழ 500 கருவிகளைச் செய்வித்து விற்பனைக்கு விட்டது. மெட்டொன்றை முணுமுணுக்கவோ சீழ்க்கையடிக்கவோ தெரிந்த எவரும் இதனை வாசிக்கலாம் என்ற பாங்கில் விளம்பரங்கள் அமைந்தன. வால்வுகளும் ஒலிபெருக்கியும் நீங்கலாக அதன் விலை 175 டொலர். அவ்வாண்டு ஒக்டோபரிற் பங்குச்சந்தை சரிந்தது. கருவியின் உற்பத்தியும் நெடுநாள் நீடிக்கவில்லை.

இத்தோல்விக்குப் பொருளாதார மந்தம் ஒரு காரணமாயினும் அதனையே முழுக் காரணமாகக் கொள்ளுதல் பொருந்தாது. வாங்கியவர் வீட்டிலே கருவி இருந்தது. ஆனால் கற்பிக்க ஆசிரியர் இல்லை. கற்றலுக்கென வகுக்கப்பட்ட பாடவரிசை இல்லை. வேறொருவர் எவ்வாறு வாசிக்கின்றார் என ஒப்புநோக்க வாய்ப்புமில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியே, தம் வீட்டுக்குள், ஒரே இடர்ப்பாட்டோடு போராடிக் களைத்தனர் என்றே கருத வேண்டியுள்ளது. சந்தை கருவியைப் பண்டமாக விற்றது. அதனைச் சூழ அமையவேண்டிய மனித உறவுகளை அதனால் விற்க முடியவில்லை.

கருவியின் கலைத்தரத்தை நிறுவிய பெருமை கிளாரா றொக்மோர் (1911–1998) என்னும் பெண்மணியைச் சாரும். வில்னியஸ் நகரிற் பிறந்து, சிறுவயதிலேயே வயலின் வாசிப்பிற் பெயர் பெற்ற அவருக்குக் கையில் ஏற்பட்ட உபாதையால் அக்கருவியைக் கைவிட நேர்ந்தது. நியூயோர்க்கில் அவர் தெரமினைக் கற்று, காற்றிலேயே விரல்களைப் படிப்படியாக விரித்தும் மடக்கியும் சுரங்களை எட்டும் ஒரு விரல்முறையை வகுத்தார். மூன்று ஸ்தாயிகளாயிருந்த வீச்சை ஐந்தாக விரித்து, இடக்கையின் அசைவுக்கு விரைந்து பணியும் தனிக் கருவியொன்றை லியோன் தெரமின் அவருக்கென அமைத்துக் கொடுத்தார். சகோதரி நாடியா ரைசன்பேர்க் பியானோ வாசிக்க, 1977 இல் வெளிவந்த அவரது இசைத்தட்டு, பிற்காலத்துத் தெரமின் வாசிப்போர் அனைவர்க்கும் உரைகல்லாயிற்று. வயலினில் ஏற்கெனவே பண்பட்ட செவியொன்று கருவியை வந்தடைந்தமையாலேயே இச்சாதனை சாத்தியமாயிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஆயினும் பெருந்திரளான மக்களின் செவிக்குத் தெரமின் சென்றடைந்தது கச்சேரி மேடை வழியாகவன்று, திரைப்படத்தின் வழியாகவே. மிக்லோஸ் ரோசா இசையமைத்த ‘ஸ்பெல்பவுண்ட்’ (1945) படத்திலே மனப்பிறழ்வையும், பேர்னாட் ஹெர்மன் இசையமைத்த ‘த டே த ஏர்த் ஸ்ரூட் ஸ்ரில்’ (1951) படத்திலே வேற்றுக் கிரகத்தாரின் வருகையையும் உணர்த்த அதன் ஒலி பயன்பட்டது. இவ்விரு படங்களிலும் வாசித்த சாமுவேல் ஹொஃப்மன் இசைப்பயிற்சி பெற்றவராயினும், பாதநோய்களுக்குச் சிகிச்சையளிக்கும் மருத்துவத்தையும் தொழிலாகக் கொண்டிருந்தவர். உலகம் மிகுதியாகக் கேட்ட தெரமின் ஒலி, இசையை முழுநேரத் தொழிலாகக் கொள்ளாத ஒருவரது கையிலிருந்து பிறந்தது என்பது சுவையான செய்தி. அதே ஒலி ‘விநோதம்’ என்ற முத்திரையைக் கருவியின்மீது அழுத்தமாகப் பதித்துவிட்டமை அதன் மறுபக்கம். இன்று சமூக வலைத்தளத்தில் எழும் ஏளனத்தின் வேர் இங்கேயே உள்ளது.

கருவி முற்றாக மறைந்துபோகாமற் காத்தவர் யாவர் என ஆராய்ந்தால், தொழின்முறைசாராதாரே முன்னிற்பர். பிற்காலத்தில் மின்னிசைக் கருவிகளாற் பெரும்புகழ் பெற்ற றொபேர்ட் மூக், தெரமின் செய்யும் முறையை விளக்கும் கட்டுரையொன்றை 1954 இல், தமது பத்தொன்பதாம் வயதில், வானொலித் தொழினுட்பச் சஞ்சிகை ஒன்றில் வெளியிட்டார். வீட்டு மேசையிற் பற்றாசு பிடித்துக் கருவி செய்த ஆர்வலர்களே அக்காலத்தில் அதன் வாசகர்கள். 1993 இல் ஸ்ரீவன் மார்ட்டின் இயக்கிய விவரணப்படம் லியோன் தெரமினின் வாழ்க்கையை மீண்டும் மக்கள் முன் வைத்தது. 1996 இல் மூக் வெளியிட்ட ‘ஈதர்வேவ்’ கருவி, உறுப்புக்களாக வாங்கி வீட்டிலேயே பொருத்திக்கொள்ளும் வகையிலும் கிடைத்தது. லியோன் தெரமினிடம் சிறுவயதிலேயே பயின்ற உறவினரான லிடியா கவினா, பல நாட்டு மாணவருக்குக் கற்பித்தார். அவரிடம் பயின்றவருள் ஒருவரான ஜேர்மனியின் கரோலினா ஐக் 2006 இல் ஒரு பயிற்சி நூலை வெளியிட்டார். 1929 இல் இல்லாதிருந்த ஆசிரியரும் பாடமும் இவ்வாறு மெல்லமெல்ல உருவாகலாயின.

இவ்வளர்ச்சியின் அடுத்த கட்டத்திலேயே சமூக வலைத்தளம் வருகின்றது. 2005 இல் யூடியூப் தொடங்கியபின், தூரத்து ஊர்களிலே தனித்தனியாக இருந்த பயிலுநர் ஒருவர் வாசிப்பதை ஒருவர் காணவும் கேட்கவும் முடிந்தது. இவ்விடத்திற் கருவியின் தனித்தன்மை ஒன்று கவனிக்கப்படல் வேண்டும். இசைத்தட்டிலிருந்து தெரமினின் ஒலியைக் கற்கலாம். கையைக் கற்க முடியாது. விரல் எங்கே விரிகின்றது, மணிக்கட்டு எப்போது தளர்கின்றது, இடக்கை எந்தக் கணத்தில் ஒலியை அடக்குகின்றது என்பன கண்ணாற் கண்டே அறியத்தக்கவை. ஆகவே படத்தோடு கூடிய பதிவு இக்கருவியைப் பயில்வோர்க்கு வெறும் கேளிக்கையன்று, அதுவே பள்ளிக்கூடம். ஆர்.சி.ஏ. கொம்பனியின் மூலதனத்தால் உருவாக்க முடியாதுபோன கற்றற் சமூகம், ஊதியமின்றிப் பகிர்ந்துகொண்ட ஆர்வலர்களால் உருவாயிற்று என்பது மிகையன்று.

ஆயின், பயிலுநருக்குப் பாடமாகும் அதே படம் ஏனையோருக்குக் காட்சியாகின்றது. கை எதனையும் தொடாது அசையும் தோற்றமே பார்ப்போரை முதலில் ஈர்ப்பது. பார்வையாளர் தொகையை எண்ணிக் காட்டும் ஊடகத்திலே, அவ்வீர்ப்பை மிகுவிக்கும் தூண்டுதல் இயல்பாகவே எழுகின்றது. பதிவு ஒரு நிமிடமாகச் சுருங்குகின்றது. எல்லோரும் அறிந்த திரைப்பட மெட்டுத் தெரிவாகின்றது. விண்வெளி வீரரின் உடையும் மந்திரவாதியின் அங்கியும் வந்து சேர்கின்றன. இருபது விநாடிக்குள் வியப்பை உண்டாக்கவேண்டிய நிர்ப்பந்தத்துக்கு உட்பட்ட வாசிப்பு, மெட்டின் தொடக்கத்தையே மீண்டும் மீண்டும் தருகின்றது. அது வளர்ந்து முடிவதைக் காட்டுவதில்லை. சந்தையிலிருந்து விலகி நிற்பவர் எனக் கருதப்படும் தொழின்முறைசாராக் கலைஞர், பணம் பெறாமலே சந்தையின் விதிக்கு உட்படும் முரண்பாடு இங்கே தோன்றுகின்றது.

இம்முரண்பாட்டை எடுத்துக்காட்ட உருப்படி ஒன்றைக் கொள்ளலாம். சென்-சான்ஸ் 1886 இல் இயற்றிய தொகுதியொன்றில் இடம்பெறும் ‘அன்னம்’ என்னும் பகுதி செலோவுக்கென எழுதப்பட்டது. றொக்மோர் அதனை வாசித்துப் பதிவுசெய்தபின், தெரமின் பயிலும் ஒவ்வொருவரும் கடக்கவேண்டிய வாயிலாக அது அமைந்துவிட்டது. நீண்டு மெதுவாகச் செல்லும் மெட்டாதலால் தொடக்கநிலையினருக்கு அது எளிதெனத் தோன்றும். உண்மையில், நீண்ட சுரமே தெரமினில் மிகக் கடினமானது. மறைந்துகொள்ள அங்கே இடமில்லை.

இவ்வுருப்படியின் தொழின்முறைசாராப் பதிவுகளைத் தொடர்ந்து கேட்பவர் மூன்று குறைகளை அடிக்கடி காண்பர். முதலாவது, ஓயாத கையதிர்வு. சுரத்துக்கு உயிரூட்டவேண்டிய அதிர்வு, சுரத்தின் பிசகை மூடும் போர்வையாக மாறிவிடுகின்றது. இரண்டாவது, எல்லாச் சுரங்களுக்கும் இடையே ஒரே அளவான வழுக்கல். இடக்கையால் ஒலியை ஒரு கணம் தணித்து, வலக்கையை அடுத்த சுரத்துக்கு நகர்த்தும் பயிற்சி போதாமையின் விளைவு இது. மூன்றாவது, செயற்கை எதிரொலி. இயந்திரத்தின் துணையோடு ஒரு சுரத்தின் எச்சம் மற்றொன்றின்மேற் படரும்போது, சுருதியின் கூர்மை மழுங்கிப் பிசகும் இனிமையாகத் தோன்றுகின்றது.

இவற்றுள் வழுக்கல் பற்றிச் சிறிது விரித்துக் கூறல் தகும். கருநாடக இசையின் கமகத்தோடு பழகிய செவிக்கு, சுரத்திலிருந்து சுரத்துக்குச் செல்லும் வழியும் இசையே என்பது புதிய செய்தியன்று. நிலைத்த சுரங்களையே தரவல்லது என்பது ஆர்மோனியத்தின்மீது கூறப்பட்ட முதன்மையான குற்றங்களுள் ஒன்று. 1940 இல் அகில இந்திய வானொலி அதனை விலக்கியும் வைத்தது. தெரமினோ இதன் மறு எல்லை. அதிலே வழுக்கல் இயல்பு, நிலைபேறு ஈட்டப்படவேண்டியது. எனவே வழுக்கலைக் குறையெனக் கூறுவது மேனாட்டுக் கட்டைக் கருவிகளின் அளவுகோலைக் கொண்டு அளப்பதாகாதா என ஒருவர் வினவலாம். வினா நியாயமானதே. ஆயின் கமகம் என்பது புறப்படும் இடமும் சேரும் இடமும் அறிந்த அசைவு. எங்கே செல்வது எனத் தேடும் கையின் தடுமாற்றம் கமகமாகாது. அசைவு இருந்தது என்பதன்று, அது விரும்பிச் செய்யப்பட்டதா என்பதே விமர்சகன் கேட்கவேண்டிய கேள்வி. றொக்மோரின் பதிவுகளிலும் வழுக்கல் உண்டு. அது வேண்டிய இடத்தில் வந்து, வேண்டாத இடத்தில் மறைகின்றது.

இக்குறைகளை இயந்திரத்தாலேயே நீக்கும் முயற்சியும் நிகழ்ந்துள்ளது. மூக்கின் பெயரால் இயங்கிய நிறுவனம் 2014 இல் வெளியிட்ட ‘தெரமினி’ என்னும் கருவியில், வாசிப்பவர் தெரிவுசெய்த சுரவரிசைக்குள் ஒலியை இழுத்து நிறுத்தும் வசதி உண்டு. அவ்வசதியை முற்றாக வைத்தால் பிசகு வராது. முற்றாக நீக்கினால் பழைய தெரமினின் இடர்ப்பாடு முழுவதும் திரும்பும். ஊன்றுகோலாகக் கொண்டு படிப்படியாகக் கைவிடுவார்க்கு இது பயன்படும் என்பதை மறுத்தற்கில்லை. ஆனால் அதனை முற்றாக நம்பிப் பதிவுசெய்யப்பட்ட வாசிப்பிலே, கை வெளியில் அசைந்தாலும் கேட்பது கட்டைக் கருவியின் சுரமே. அங்கே தெரமின் என்பது கண்ணுக்கு மாத்திரம் எஞ்சுகின்றது. எவரும் வாசிக்கலாம் என்ற 1929 ஆம் ஆண்டு விளம்பரம், எண்பத்தைந்து ஆண்டுகளின்பின் மின்சுற்றின் உதவியால் மெய்யாக்கப்பட்டுள்ளது எனலாம். அதற்குக் கொடுக்கப்பட்ட விலை, கருவியின் தனிக்குரல்.

இவற்றால் தொழின்முறைசாராக் கலைஞரின் முயற்சியை இழிவாகக் கருதல் தகாது. ‘அமெச்சூர்’ என்ற சொல் நேசிப்பவர் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்தது. தொழில்முறைக் கலைஞர் பலரிடம் காணமுடியாத ஒன்றை, வலைத்தளத்திலே பதிவிடும் ஆர்வலரிடம் காணலாம்: தமது கற்றலின் வழியை மறைக்காமை. முதல் மாதத்தில் வாசித்த பிசகான ‘அன்ன’த்தை அழித்துவிடாது வைத்து, ஓராண்டின்பின் அதனையே மீண்டும் வாசித்துப் பகிர்பவர், தம்மைத் தொடர்ந்து வருவோர்க்குப் பேருதவி செய்கின்றார். தேர்ந்த கலைஞரின் குறையற்ற இசைத்தட்டு எட்டவேண்டிய இலக்கைக் காட்டும். ஆர்வலரின் தொடர்ச்சியான பதிவுகளோ வழியைக் காட்டும். தொடக்கநிலையினருக்கு இலக்கைக் காட்டிலும் வழியே அவசரமாகத் தேவைப்படுவது.

கூட்டாகக் கற்பதன் பயனுக்கு யப்பான் ஓர் எடுத்துக்காட்டு. லிடியா கவினாவிடம் பயின்ற மசாமி தகெயுச்சி, ருசிய மரப்பாவையினுள் தெரமினை அடக்கி ‘மத்ரியோமின்’ என்னும் கருவியை உருவாக்கினார். அதனைக் குழுக்களாகக் கூடிக் கற்கும் வழக்கம் அங்கு பரவியது. 2013 இல் ஹமமற்சு நகரில் 272 பேர் ஒருங்கே வாசித்தனர். பாவையின் தோற்றம் விளையாட்டுப் பொருளை ஒத்ததாயினும், அருகிலிருப்பவரின் சுருதியோடு தம் சுருதியை ஒத்திசைக்கவேண்டிய கட்டாயம் செவியைப் பண்படுத்துவது. தனியறையில் ஒலிப்பதிவுக் கருவியின் முன்னிருக்கும் கலைஞருக்கு இல்லாதது இந்த அயலவரின் செவியே. வலைத்தளத்து நண்பர்கள் அவ்விடத்தை நிரப்பக்கூடும். ஆனால் வெறும் பாராட்டுக் குறியால் அது நிரம்பாது. இந்த அடியில் மேற்சுரம் சற்றுத் தாழ்ந்தது என நட்போடு எடுத்துரைக்கும் சொல்லாலேயே நிரம்பும்.

எனவே இத்தகைய பதிவுகளை மதிப்பிட முற்படுவோர் முதலில் அவற்றைக் கண்ணை மூடிக் கேட்டல் வேண்டும். கையின் விந்தை மறைந்தபின் மெட்டு எஞ்சுகின்றதா, சுருதி நிற்கின்றதா, ஓர் இசைவாக்கியம் தொடங்கிய இடத்திலிருந்து முடியவேண்டிய இடம் வரை சென்றதா என்பவற்றை நோக்கல் வேண்டும். அதன்பின் கண்ணைத் திறந்து, கை எவ்வாறு அதனைச் செய்தது என்று காணலாம். இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கும்போதே வியப்பும் ஏளனமும் விமர்சனத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

1929 இல் தெரமினை வாங்கியோர் அதனைப் பரணில் ஏற்றியபோது, தாம் தோற்றது தமது திறமைக்குறையால் என எண்ணியிருத்தல் கூடும். உண்மையில் அவர்கட்கு இல்லாதிருந்தது உடன்பயில்வோரின் கூட்டமே. இன்று அக்கூட்டம் உருவாகியுள்ளது. அது பார்வையாளர் கூட்டமாகத் தேய்ந்துவிடாது கேட்போர் கூட்டமாக நிலைக்குமா என்பதிலேயே, நூறாண்டைக் கடந்துவிட்ட இக்கருவியின் எதிர்காலம் தங்கியுள்ளது.